காவல் நிற்பவளிடம் ஒரு கேள்வி

அதிகாரத்துக்கு வந்த முதல் பெண், தனக்குக் கீழே இருக்கும் பெண்களிடம் கடுமையாக நடந்துகொண்டால் நாம் யார் பக்கம் நிற்பது? அவள் ஏறி வந்த படிகளின் உயரம் நமக்குத் தெரியும். அவளைக் குறை சொன்னால், ‘பெண்ணுக்குப் பெண்ணே எதிரி’ என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்கு வாய் திறந்துவிட்டதாகிவிடும். சொல்லாமல் விட்டால், அவளுக்குக் கீழே இருப்பவர்களைக் கைவிட்டதாகிவிடும். கொரின் தியாக்ர் என்ற பிரெஞ்சுக் கால்பந்து வீராங்கனையின் வாழ்க்கையை முன்வைத்து இதை யோசித்துப் பார்க்கிறேன்.

தியாக்ர் பிறந்தது 1974-ல். பிரெஞ்சுக் கால்பந்துச் சங்கம் பெண்கள் கால்பந்தை அங்கீகரித்ததே அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1970-ல்தான். இங்கிலாந்துச் சங்கமோ 1921-ல் பெண்களுக்குத் தன் மைதானங்களை மூடியது. திறக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. இப்படிப்பட்ட விளையாட்டில் தியாக்ர் தடுப்பாட்டக்காரராக வளர்ந்து, பிரான்ஸுக்காக 121 போட்டிகள் ஆடினார். 2002 நவம்பரில் இங்கிலாந்துக்கு எதிரான தகுதிப் போட்டியின் ஒரே கோலை அடித்தவர் அவர்தான். அந்த வெற்றியோடு பிரான்ஸ் முதன்முறையாகப் பெண்கள் உலகக் கோப்பைக்குள் நுழைந்தது.

2014-ல் ஆண்களின் இரண்டாம் பிரிவில் ஆடிய கிளெர்மோன் அணிக்கு அவர் பயிற்சியாளரானார். அவருக்கு முன்பு அதே பொறுப்புக்கு நியமிக்கப்பட்ட எலேனா கோஸ்டா, அணியை ஒரு போட்டியில்கூட நடத்தாமலே விலகியிருந்தார். தன்னைக் கேட்காமலே முடிவுகள் எடுக்கப்பட்டதாகச் சொன்னார். பெண்ணின் பெயர் வேண்டும், பெண்ணின் சொல் வேண்டாம் என்கிற ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. நம் ஊராட்சி மன்றங்களில் தலைவியின் நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள்தானே நாம். தியாக்ர் அந்த இடத்தில் மூன்று பருவங்கள் நின்று காட்டினார். 2015-ல் ‘பிரான்ஸ் ஃபுட்பால்’ இதழ் அவரை அந்தப் பிரிவின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்தது. 2017-ல் பிரான்ஸ் பெண்கள் அணி அவர் கைக்கு வந்தது.

தடுப்பாட்டம் ஒரு விசித்திரமான வேலை. கோல் அடித்தவள் பெயர் பலகையில் ஏறும். தடுத்தவளின் சாதனை என்பது நடக்காமல் போன ஒன்று. அவள் தவறினால் மட்டுமே கூட்டம் அவளைத் திரும்பிப் பார்க்கும். வீட்டு வேலை செய்கிற எந்தப் பெண்ணுக்கும் இது புரியும்.

நான் வாழ்வது திருத்தணியில். முருகன் சினம் தணிந்த மலை, வள்ளியை மணந்த மலை என்று தலபுராணம் சொல்லும். ஆடிக் கிருத்திகைக்கு ஆந்திர எல்லையின் இரு பக்கமிருந்தும் தமிழும் தெலுங்குமாய்க் காவடிகள் ஏறும்போது, அந்தக் கூட்டத்துக்கு வள்ளியை மணமகளாகத்தான் தெரியும். ஆனால் அதற்கு முன்பே அவளுக்கு ஒரு வேலை இருந்தது. பரணில் நின்று, கவண் வீசி, தினைப்புனம் காத்தவள் அவள். கதையில் யானை வந்து மிரட்டுகிறது. பயந்தவளைக் கிழவர் வேடத்தில் நின்றவன் அணைத்துக்கொள்கிறான். காவல் காத்தவள் அந்த இடத்திலேயே காக்கப்படுகிறவளாக மாறிவிடுகிறாள். அவள் போன பிறகு புனத்தை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அதனால்தான் பின்வரிசையில் நின்று ஒரு பெண் களத்தைக் காப்பதை ஆசையோடு பார்க்கிறேன். அவளை யாரும் பொத்திவைக்கவில்லை. அவள்தான் காவல். ஆனால் அவள் பயிற்சியாளராகும்போது வேலையின் தன்மை மாறிவிடுகிறது. முன்பு அவள் காத்தது மூன்று கம்பங்களையும் ஒரு வலையையும். இப்போது அவள் பொறுப்பில் இருப்பவர்கள் மனிதர்கள். கம்பத்துக்குக் கருத்துக் கிடையாது. ஆட்டக்காரிக்கு உண்டு.

தியாக்ரின் கதை சிக்கலாவது இங்கேதான். 2017-ல் அவர் வெண்டி ரெனாரிடமிருந்து தலைமையை எடுத்து அமண்டின் ஆன்ரியிடம் கொடுத்தார். 2020-ல் அந்த ஆன்ரியே, 2019 உலகக் கோப்பையின்போது அணிக்குள் நிலவிய சூழலைப் பற்றித் தொலைக்காட்சியில் வெளிப்படையாகப் பேசினார். 2022 ஐரோப்பியப் போட்டிக்கான அணியில் ஆன்ரியின் பெயர் இல்லை. அந்தப் போட்டியில் பிரான்ஸ் அரையிறுதி வரை சென்றது. 2023 பிப்ரவரி 24 அன்று, மீண்டும் தலைவியாகியிருந்த ரெனார், தன் மனநலத்தைக் காத்துக்கொள்ள உலகக் கோப்பையில் ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். ரெனாரும் ஒரு தடுப்பாட்டக்காரர்தான். இன்னும் இருவர் பின்தொடர்ந்தனர். தனக்கு எதிராகத் திட்டமிட்ட பிரச்சாரம் நடப்பதாகத் தியாக்ர் சொன்னார். மார்ச் 9 அன்று சங்கம் அவரை நீக்கியது. அடுத்து வந்த பயிற்சியாளர் ஓர் ஆண்.

நம் சங்கடமும் இங்கேதான் தொடங்குகிறது. ஸ்பெயினைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் 15 ஆட்டக்காரிகள் கடிதம் எழுதினார்கள். அந்நாட்டுச் சங்கம் ஆண் பயிற்சியாளரின் பக்கமே உறுதியாக நின்றது. அவர் நீக்கப்பட்டது ஏறத்தாழ ஓராண்டு கழித்து, அதுவும் உலகக் கோப்பையை வென்ற பிறகு, சங்கத் தலைவர் ஒரு வீராங்கனையை மேடையில் முத்தமிட்ட விவகாரம் வெடித்த பின்புதான். பிரான்ஸில் மூன்று பேர் வெளிப்படையாக விலகியதும் இரண்டு வாரத்துக்குள் பெண் போய்விட்டார். பிரான்ஸிலும் 2020-ன் குரல்கள் நெடுநாள் கேட்கப்படாமல் கிடந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் ஒன்று தெளிவு: ஆணின் கடுமைக்குக் ‘கண்டிப்பு’ என்று பெயர்; பெண்ணின் கடுமைக்குக் ‘குணக்கேடு’ என்று பெயர்.

அப்படியானால் தியாக்ரைக் காப்பாற்றியிருக்க வேண்டுமா? இல்லை என்றே நினைக்கிறேன். அளவுகோல் கோணலாக இருந்தால் இருவரையும் ஒரே கோலால் அளக்கச் சொல்லலாம். அளக்கவே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆணுக்குக் கிடைத்துவந்த கேள்வியற்ற அதிகாரத்தில் பெண்ணுக்கும் சம பங்கு கேட்பதா நம் கோரிக்கை? அப்படிக் கேட்டால் பங்கின் பாரத்தைச் சுமப்பவர்கள் மறுபடியும் பெண்களே.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கிளெர்மோனில் ஓர் ஆட்டக்காரருக்குப் பயிற்சியாளரைப் பிடிக்கவில்லை என்றால் ஒப்பந்தம் முடிந்ததும் வேறு கிளப்புக்குப் போகலாம். தேசிய அணி அப்படி இல்லை. பிரான்ஸுக்கு ஒரே ஒரு பெண்கள் அணிதான் உண்டு. அதை விட்டு வெளியேறுவது என்றால் உலகக் கோப்பையையே விடுவது. வாசல் உள்ள இடத்தில் பேசும் கடுஞ்சொல்லும் வாசல் இல்லாத இடத்தில் பேசும் அதே சொல்லும் ஒரே எடை கொண்டவை அல்ல. மாமியார் கொடுமை என்று நாம் காலங்காலமாகப் பேசிவருவதன் உள்ளே இருப்பதும் இதுதான். மாமியாரின் குணத்தைவிட, மருமகள் வெளியேற முடியாத வீட்டின் அமைப்பே அதைக் கொடுமையாக்குகிறது. அந்த வீட்டைக் கட்டியவர்கள் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ‘பெண்ணுக்குப் பெண்ணே எதிரி’ என்கிறார்கள்.

இந்தக் கேள்வி நமக்குத் தொலைவானது அல்ல. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். மதுரையின் சேது எஃப்சி 2019-ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. 2017-ல் மேமோல் ராக்கி என்ற முன்னாள் வீராங்கனை இந்திய அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். ஆசை வளர்கிறது, கூடவே பயமும். 2022-ல் 17 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்கள் அணியின் உதவிப் பயிற்சியாளர் ஒருவர், ஐரோப்பியப் பயணத்தின்போது எழுந்த பாலியல் தவறு குற்றச்சாட்டில் நீக்கப்பட்டார்.

நான் பள்ளி ஆசிரியை. பெண்ணைப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று கேட்கும் அம்மாக்களின் முதல் கேள்வி, “லேடி கோச்சா டீச்சர்?” என்பதுதான். ஒரு விசைத்தறித் தொழிலாளி என்னிடம் சொன்னார்: “லேடி கோச்சுன்னா அனுப்புறேன் டீச்சர். ரெண்டு அடி வச்சாக்கூடப் பரவால்ல. நம்ம பொண்ணா நெனச்சுப் பாத்துக்குவாங்க.”

அந்த அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. பெண் பயிற்சியாளர்கள் பெருக வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த இரண்டு அடியைத்தான் நான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ‘நம்ம பொண்ணு’ என்ற சொல்லின் நிழலில்தான் நம் வீடுகளில் எல்லா அடியும் விழுந்திருக்கிறது. பயிற்சியாளர் பெண்ணாக இருப்பது ஒரு பாதுகாப்புதான். ஆனால் அது போதாது. புகார் சொன்னால் அணியில் இடம் போய்விடாது என்ற உறுதி அந்தச் சிறுமிக்கு வேண்டும். பயிற்சியாளரைத் தாண்டிப் பேச வேறொரு ஆள் வேண்டும். அந்த ஆள் பள்ளியிலோ சங்கத்திலோ பெயர் சொல்லக்கூடிய ஒருவராக இருக்க வேண்டும். பயிற்சியாளர் ஆணானாலும் பெண்ணானாலும் இந்த ஏற்பாடு ஒன்றே.

நல்ல தடுப்பாட்டக்காரி ஆட்டம் முழுக்கக் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பாள். பின்னால் நிற்பதால் களம் முழுவதும் தெரிவது அவளுக்குத்தான். தனக்குப் பின்னால் இருப்பதை மட்டும் அவளால் பார்க்க முடியாது. அதைச் சொல்ல கோல்கீப்பரின் குரல் வேண்டும். தியாக்ருக்கும் ரெனாருக்கும் இது ஆடிய காலத்திலேயே தெரிந்திருக்கும். அப்படி ஒரு குரல் வந்தபோது ஒருவர் அதைச் சதி என்றார், மற்றவர் அந்தக் குரலாகவே ஆனார். முதல் பெண்ணின் உழைப்பை வணங்கிக்கொண்டே, நான் இரண்டாமவர் பக்கம் நிற்கிறேன்.