செருப்போடு ஒரு கிரிவலம்

எல்லாம் ஊழ்ப்படிதான் நடக்கும் என்றால், நல்ல டாக்டராகப் பார்த்துத் தேடுவது எதற்கு? என் வீட்டுக்காரர் கடைசிவரை கேட்ட கேள்வி இது. கால் புண்ணை, "அண்ணாமலையார் பாத்துப்பார்" என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது எனக்கும் சர்க்கரை. ஓய்வுபெற்ற ஆசிரியை என்பதால் காப்பீட்டு அட்டை இருக்கிறது. மகள் பட்டியலைத் திறந்து வேலூர், சென்னை என்று பெரிய ஆஸ்பத்திரிகளாக வாசித்தாள். அந்த அட்டை, ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கைகொடுக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஏற்பதும் அப்படித்தான். மாதாமாதம் பிரஷர் பார்த்து, மாத்திரையைக் கூட்டிக் குறைத்து, நம்மை அறிந்து வைத்திருக்கிற டாக்டரை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

அடி அண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒருவரைக் கண்டேன். முதல் நாளே, "செருப்பைக் கழட்டுங்கம்மா" என்றார். கண்ணை மூடச் சொல்லி, நைலான் நூல் போன்ற ஒன்றால் உள்ளங்காலில் இடம் இடமாகத் தொட்டார். இடது கட்டைவிரலில் தொட்டது எனக்குத் தெரியவே இல்லை.

"பௌர்ணமிக்கு மலை சுத்துவீங்களா?"

"முப்பது வருஷமா."

"14 கிலோமீட்டரும் வெறுங்காலோடவா? இனிமே செருப்போட சுத்துங்க."

மலையே சிவம் என்று நம்பி வளர்ந்தவள் நான். அங்கேயே அழுதுவிட்டேன்.

அன்றிரவு ரமணரை நினைத்துக்கொண்டேன். 1949இல் இடது கையில் புற்றுக்கட்டி. ஒரே ஆண்டில் நான்கு அறுவை சிகிச்சைகள். உடம்பு நானல்ல என்றவர், வைத்தியம் செய்ய வந்தவர்களிடம் அந்தக் கையைக் கொடுத்தார். 'ஊழ்' என்று ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவரும் 'மருந்து' என்று இன்னொன்று எழுதியிருக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர் என்று மருத்துவத்தை நான்கு பங்காக்கி, நோயாளியை முதலில் வைக்கிறார். என் பங்கு என்று ஒன்று இருக்கிறது. தகுந்தவரைத் தேடுவதும், தேடியபின் அவர் சொல் கேட்பதும் அந்தப் பங்கு. பலன் மட்டும்தான் அண்ணாமலையாருடையது. அவர் பங்கோடு தன் பங்கையும் சேர்த்து அவர் தலையிலேயே வைத்துவிட்டார் என் வீட்டுக்காரர்.

போன பௌர்ணமிக்குச் செருப்போடு சுற்றினேன். வீடு திரும்பியதும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்தேன். புண் இல்லை. மலை இருக்கும் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன்.