கண்ணோட்டமும் ஒற்றாடலும்

திருக்குறளின் பொருட்பாலில் 58ஆம் அதிகாரத்தின் பெயர் கண்ணோட்டம். அடுத்ததாக வரும் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். ஆளுகிறவனுக்குச் சொல்லப்பட்டவற்றில் இவை இரண்டும் அடுத்தடுத்து நிற்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் நான் சற்று நிறுத்திக்கொள்வேன். இரண்டும் பார்ப்பதைப் பற்றியவை. இன்று கண்ணோட்டம் என்றால் பார்வைக் கோணம் என்றே பொருள்கொள்கிறோம். பெண்ணியக் கண்ணோட்டம், மார்க்சியக் கண்ணோட்டம் என்று தேர்வுத்தாளில் எழுதுகிறோம். குறளில் அச்சொல்லுக்குப் பொருள் இரக்கம். கண் ஓடிச் சென்று எதிரே இருப்பவர்மேல் பதிகிறது. பதிந்தபின் அவரைக் கைவிட முடியாமல் போகிறது. ஒற்றாடலிலும் கண் ஓடத்தான் செய்கிறது. ஆனால் அது பார்க்கப்படுபவருக்குத் தெரியாமல், அனுப்பியவருக்காக ஓடுகிறது.

ஒரு பெண் தொழிலாளியின் கண்ணுக்குள் ஒளியைப் பாய்ச்சிப் பார்ப்பது இவ்விரண்டில் எதில் சேரும்? மருத்துவம் அண்மைக் காலத்தில் கண்டறிந்த சில செய்திகள் இந்தக் கேள்வியை அவசரமாக்கியிருக்கின்றன.

உடலைக் கிழிக்காமல் ரத்தக் குழாய்களை நேரடியாகப் பார்க்கக்கூடிய இடம் விழித்திரை. 1851இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காட்டும் கருவியைப் பற்றி எழுதி வெளியிட்டதிலிருந்து மருத்துவர்கள் அங்கே பார்த்துவருகிறார்கள். ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்றில், ஒரு புள்ளியிலிருந்து கிளை பிரிந்து ஓடும் சிவப்புக் கோடுகள் தெரியும். ரத்தக் கொதிப்பு நீடித்தால் மெல்லிய தமனிகள் சுருங்குகின்றன. தமனி சிரையைக் கடக்கும் இடத்தில் அதை அழுத்துகிறது. சர்க்கரை நோய் நுண்குழாய்களைப் புடைக்கவும் கசியவும் வைக்கிறது. கண்ணைத் தாக்கும் இதே கொதிப்பும் சர்க்கரையும் புகையும்தான் இதயத்தையும் தாக்குகின்றன. இதயத் தசைக்கு உணவூட்டும் மிக நுண்ணிய குழாய்கள் ஆஞ்சியோகிராமில் தெரிவதில்லை. ஏறக்குறைய அதே அளவுள்ள குழாய்கள் கண்ணில் தெரிகின்றன. இதயத்தின் நிலையைக் கண்ணில் படிக்க முடியுமா என்ற ஆய்வு இங்கிருந்துதான் தொடங்கியது.

2002இல் அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் தியன் யின் வோங், ரொனால்ட் கிளைன் முதலியோர் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நான்கு ஊர்ப்பகுதிகளைச் சேர்ந்த, 51 முதல் 72 வயதுக்குட்பட்ட 9,600க்கும் மேற்பட்டவர்களின் விழித்திரைப் படங்களை எடுத்து, அவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. விழித்திரைத் தமனிகள் சிரைகளைவிட எந்த அளவுக்குச் சுருங்கியிருந்தனவோ, அந்த அளவுக்கு இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. இந்தத் தொடர்பு பெண்களிடம்தான் காணப்பட்டது; ஆண்களிடம் தென்படவில்லை. கொதிப்பு, சர்க்கரை, புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் பெண்களிடம் அது நின்றது. பெண்களின் இதய நோயில் நுண்குழாய்களின் பங்கு பெரிதாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

ஒரு படத்தை வைத்து ஒருத்திக்கு மாரடைப்பு வரும், வராது என்று சொல்லிவிட முடியாது. வாய்ப்பின் ஏற்ற இறக்கத்தைத்தான் அது காட்டும். ஆனாலும் இம்முடிவை முதலில் படித்தபோது எனக்குள் ஒரு பழைய சொல் புரண்டது. 'ஒன்றுமில்லை' என்ற சொல். நெஞ்சில் பாரம், தாடையில் வலி, படியேறினால் மூச்சு முட்டல் என்று போன எத்தனை பெண்கள் இந்தச் சொல்லோடு திரும்பியிருக்கிறார்கள்! 'கேஸ்தான்', 'டென்ஷனைக் குறையுங்கள்', 'மாதவிடாய் நிற்கிற வயசு'. பெருந்தமனியில் அடைப்பு இருக்கிறதா என்பதே கேள்வியாக இருந்தது. ஆண்களிடம் அதிகம் காணப்படும் நோயின் வடிவமே நோயின் வடிவம் என்று ஆகியிருந்தது. 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய 'வைஸ்' என்ற ஆய்வு, நெஞ்சுவலியோடு வந்த பெண்களில் பலருக்குப் பெருங்குழாயில் தடுக்கும் அளவுக்கு அடைப்பு இல்லை என்பதையும், அவர்களில் பலருக்கு நுண்குழாய்களில் கோளாறு இருந்ததையும் காட்டியது. வலி இருந்தது. அதைக் காணும் கேள்விதான் இல்லாமல் இருந்தது. எந்தக் கேள்வியோடு பார்க்கிறோமோ அதற்குத்தான் உடல் பதில் சொல்லும். கேட்காத கேள்விக்கான பதிலை 'ஒன்றுமில்லை' என்று எழுதி வைப்பதை வெறும் அறிவுக்குறை என்று விட்டுவிட முடியாது. அது அறம் சார்ந்த பிழை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலைப் பகுதியில் பெண்ணின் கண்ணிடம் வேறொரு கேள்வி கேட்கப்படுகிறது. சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால் என்று சிப்காட் பூங்காக்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. செல்போன் முதல் கார் வரை இங்கே உருவாகின்றன. மின்னணு ஆலைகளில் அசெம்பிளி வரிசைகளில் நிற்பவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்கான விடுதி திறக்கப்பட்டது என்பதிலிருந்தே எண்ணிக்கையை ஊகித்துக்கொள்ளலாம். என்னிடம் படித்த பெண்கள் பலர் அந்த வெள்ளைப் பேருந்துகளில் ஷிஃப்டுக்குப் போகிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டால், வேலைக்கு எடுக்கும்போது கண்ணைப் பார்க்கிறார்கள். சிறிய எழுத்து தெரிகிறதா, நிறங்கள் பிரிந்து தெரிகின்றனவா என்று கேட்கிறார்கள். பிறகு எட்டு மணி நேரம், உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே, மயிரிழைக் கீறலையும் விலகிய பற்றவைப்பையும் தேடுவதே அந்தக் கண்ணின் வேலை. கூலிக்கு எடுக்கப்படுவது கைகள் மட்டும் என்று நினைத்திருந்தோம். இங்கே கண்ணும் கூலிக்கு எடுக்கப்படுகிறது. அதே கண்மணி வழியாக இன்னும் ஓர் அங்குலம் உள்ளே போனால் அவளுடைய ரத்தக் குழாய்கள் தெரியும். அங்கே போக வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கருவிக்குத் தேவையான பதில் முன்னாலேயே கிடைத்துவிட்டது.

இருபது வயதுப் பெண்ணுக்கு இதய நோயா என்று கேட்கலாம். அவள் இருபதிலேயே நிற்பதில்லை. இரவு ஷிஃப்டும் முறை மாறிய தூக்கமும் நீண்ட காலத்தில் இதயத்துக்குக் கேடு என்பது மருத்துவம் அறிந்தது. ஊர் திரும்பி, மணமாகி, கருவுற்ற காலத்தில் கொதிப்பு ஏறியிருந்தால், பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்பதும் அறிந்ததே. இன்று மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, நாற்பது வயதைக் கடந்த தொழிலாளிக்கு ஆண்டுக்கொரு இலவச உடல் பரிசோதனையை உறுதியளிக்கிறது. நல்லது. ஆனால் நான் பார்த்தவரை அசெம்பிளி வரிசை ஒரு பெண்ணை நாற்பது வரை வைத்துக்கொள்வதில்லை. பரிசோதனை வந்துசேரும் வயதில் அவள் செய்யாற்றிலோ திண்டிவனத்திலோ நூறு நாள் வேலையில் இருப்பாள். தமிழக அரசு 2024இல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று ஆலைகளுக்கே போய்க் கொதிப்பையும் சர்க்கரையையும் அளக்கத் தொடங்கியது. வயதைக் கேட்டு வாசலில் நிறுத்திவிடாமல் எல்லோரையும் பார்த்தால்தான் அந்தப் பெயருக்குப் பொருள் இருக்கும்.

இதோடு நிறுத்திக்கொண்டு, 'எல்லா ஆலைகளிலும் விழித்திரையைப் படம் எடுங்கள்' என்று கோரிக்கை வைத்துவிடலாம்தான். என் பழைய மாணவி ஒருத்தி என்னை அப்படி நிறுத்தவிடவில்லை. கண்ணைப் பார்த்து நெஞ்சின் நிலையை ஓரளவு ஊகிக்கலாமாம் என்று சொன்னேன். அவள் வியக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சா பரவாயில்லை மேடம். கம்பெனிக்குத் தெரிஞ்சா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா?" என்றும் கேட்டாள்.

அவள் அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. 2018இல் கூகுள் ஆய்வாளர்கள், 2.8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விழித்திரைப் படங்களைக் கொண்டு பழக்கிய கணினி முறை ஒன்றைப் பற்றி எழுதினார்கள். ஒரு படத்தைக் காட்டினால் வயதைச் சுமார் மூன்றேகால் ஆண்டுப் பிழைக்குள் சொன்னது. ரத்த அழுத்தத்தை ஓரளவு கணித்தது. புகைப்பவரா என்று ஊகித்தது. ஐந்தாண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பை, மருத்துவர்கள் கைக்கொள்ளும் வழக்கமான கணக்கீட்டுக்கு ஏறத்தாழ இணையாகச் சொன்னது. ஆணா பெண்ணா என்பதை மிகத் துல்லியமாகச் சொன்னது. தேர்ந்த கண் மருத்துவருக்கும் படத்தைப் பார்த்து அதைச் சொல்லத் தெரியாது. இதற்கு முன், 2016இல், சர்க்கரை நோயின் விழித்திரைப் பாதிப்பைக் கண்டறிய அதே நிறுவனம் உருவாக்கிய முறைக்குப் படம் தந்த மருத்துவமனைகளில் மதுரை அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் இருந்தன. நம் ஊர்க் கண்கள் பாடம் நடத்தியிருக்கின்றன. பார்வை காக்கத்தான் அந்தப் பாடம். ஆனால் இத்தனையையும் சொல்லும் ஒரு படம் வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையில் இருந்தால் என்ன ஆகும்? 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பது தவிர்க்கப்படுவதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பாகுபாடு இல்லை என்று ஃபாக்ஸ்கான் நிறுவனம் மறுத்தது. மத்திய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. உண்மை எதுவாயினும், கழுத்தில் தாலி இருக்கிறதா என்ற கேள்வியே வேலையைத் தீர்மானிக்கக்கூடும் என்று நம்பும் பெண், தன் ரத்தக் குழாய்களைக் காட்டத் தயங்குவதில் என்ன வியப்பு?

ஏழைப் பெண்ணுக்கு விழிப்புணர்வு இல்லை, அதனால் பரிசோதனைக்கு வருவதில்லை என்று மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். அந்த மறுப்பு அறியாமையிலிருந்து வருவதில்லை. தன்னைப் பற்றிய அறிவு தன் கைக்கு வருமுன் வேறு யார் கைக்குப் போகும் என்பதை அவள் நன்றாக அறிந்திருக்கிறாள். அறிய விரும்பாமல் இருக்க ஒருவருக்கு உரிமை உண்டா என்று மெய்யியலில் விவாதிப்பார்கள். உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் அச்சத்தால் தேர்ந்துகொண்ட அறியாமையை உரிமை என்று அழைத்து நாம் கைகழுவ முடியாது. அறிந்தால் வேலை போகாது, சம்பந்தம் முறியாது, வைத்தியம் உண்டு என்ற நிலையில்தான் அவளுடைய 'வேண்டாம்' உண்மையான 'வேண்டாம்' ஆகும்.

செய்தி மறைக்கப்படும்போது என்ன நடக்கும் என்பதையும் இந்தச் சாலை பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில் விடுதி உணவு ஒத்துக்கொள்ளாமல் இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் நோயுற்றார்கள். நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உடன் தங்கியிருந்தவர்களின் நிலை தெரியவில்லை. இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். நல்ல சோறு, நல்ல தங்குமிடம் என்பவற்றோடு அவர்கள் கேட்ட இன்னொன்று, எங்கள் தோழிகளின் உடலுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள் என்பதுதான்.

சென்ற ஆண்டு எனக்கே விழித்திரையைப் படம் எடுத்தார்கள். சொட்டு மருந்தில் எழுத்தெல்லாம் மங்கியிருந்தது. மருத்துவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, ஒவ்வொரு கிளையையும் விரலால் தொட்டுத் தமிழில் விளக்கினார். திரையைத் திருப்பிய அந்தச் செயலுக்குக் கருவியும் செலவும் தேவைப்படவில்லை. நான் பேராசிரியை என்பதால் திருப்பினாரா என்று இன்னும் யோசிக்கிறேன்.

கண்ணோட்டத்தை ஒற்றாடலிலிருந்து பிரிக்கும் கோடு அந்தத் திருப்பலில்தான் இருக்கிறது. ஆலைக்குள் வரும் பரிசோதனை எதுவானாலும் அதன் முடிவு முதலில் அவள் கையில், அவள் படிக்கும் மொழியில் தரப்பட வேண்டும். நிறுவனத்துக்குப் போகும் தாளில் இந்த வேலை செய்யலாம் அல்லது கூடாது என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இருக்கக் கூடாது. கூடாது என்றால் மாற்று வேலை தரும் பொறுப்பும் அதே தாளில் எழுதப்பட வேண்டும். படம் கணினிக்குப் போகுமானால் எதற்கு என்று கேட்டு அவள் ஒப்புதல் பெற வேண்டும். ஊர் திரும்பும்போது அந்தத் தாள் அவளோடு போக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் அதைப் பிரித்துப் படித்து, கொதிப்புக்கு மாத்திரையைத் தொடங்க வேண்டும். இவ்வளவும் நடந்தால் அவள் கண்ணுக்குள் யார் வேண்டுமானாலும் ஒளியைப் பாய்ச்சட்டும். நடக்காதவரை, கண்ணை மூடிக்கொள்ளும் என் மாணவியின் பக்கம்தான் நான் நிற்பேன்.