குதிரையின் மனமறிதல்

கடோபநிடதம் உடலைத் தேராகவும் புலன்களை அதில் பூட்டிய குதிரைகளாகவும் காட்டுகிறது. புத்தி தேரோட்டி, மனம் கடிவாளம், ஆன்மா தேரில் அமர்ந்து வருபவன். புலனடக்கத்தைப் பேசும் இந்தியச் சமய நூல்களிலும் உரைகளிலும் இந்த உருவகம் அடிக்கடி தலைகாட்டும். கேட்டுப் பழகியவர்களுக்குக் குதிரை என்றாலே இழுத்துப் பிடிக்கவேண்டிய ஒன்று என்ற எண்ணம் படிந்துவிடுகிறது. இழுத்துப் பிடித்தால் குதிரை அடங்குமா என்பதற்கு, குதிரையேறுபவர்கள் அன்றாடம் சேணத்தில் உட்கார்ந்தபடியே விடை காண்கிறார்கள். மனத்தை அடக்குவதா அறிவதா என்ற பழைய கேள்விக்கும் அந்த விடை பொருந்தும்.

தமிழில் இந்த உருவகம் வேறு வழியில் போயிருக்கிறது. வள்ளுவர் புலனடக்கத்துக்கு ஆமையை எடுத்தார். அங்குசத்துக்கு அடங்கும் யானையை எடுத்தார். குதிரையை மட்டும் தீ நட்பு அதிகாரத்தில் வைத்தார். பயிற்சி பெறாத குதிரை போர்க்களத்தில் ஏறியவனைக் கைவிட்டுப் போவதைப் போன்றது கெட்ட நட்பு என்பது அவர் கருத்து. இங்கே குதிரை அடிமையாக வரவில்லை, கூட்டாளியாக வருகிறது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் உள்மூச்சும் வெளிமூச்சும் இரண்டு குதிரைகள். அவற்றை விட்டுப் பிடிக்கும் சூட்சுமம் தெரிந்தவர் இல்லை என்று திருமூலர் குறைப்படுகிறார். பிடிப்பதை மட்டும் சொல்லாமல் விடுவதையும் சேர்த்துச் சொன்னதைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பார்வையின் தெளிவான வடிவம் பாகவதத்தின் பதினோராம் கந்தத்தில், கண்ணன் உத்தவருக்குச் செய்யும் உபதேசத்தில் இருக்கிறது. மனம் நிலைகொள்ளாமல் அலைந்தால் அதன் போக்குக்குக் கொஞ்சம் இணங்கியே அதை வசப்படுத்த வேண்டும். பழக்கவேண்டிய குதிரையின் உள்ளத்தைத் திரும்பத் திரும்ப அறிய முயல்பவனைப் போல நடந்துகொள்வதே மேலான யோகம் என்கிறது அந்தப் பகுதி. அதே கந்தத்தில் அவதூதர் என்னும் துறவி தமக்குக் குருவாக அமைந்த இருபத்து நான்கைப் பட்டியலிடுகிறார். புறா, மலைப்பாம்பு, தேனீ, யானை, மான், மீன் எல்லாம் வருகின்றன. குதிரை இல்லை. குதிரையேற்றம் கற்றவர்கள் அதை ஒரு விடுபடல் என்றே சொல்வார்கள்.

இந்தக் கருத்தைச் சோதிக்க ஏற்ற களம் டிரஸாஜ். அறுபது மீட்டர் நீளமும் இருபது மீட்டர் அகலமும் கொண்ட மணல் அரங்கில், வகுத்த வரிசைப்படி குதிரையை நடத்திக் காட்டும் கலை இது. ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுவார்கள். ஏறியிருப்பவர் ஒன்றும் செய்யாதது போலத் தெரியவேண்டும் என்பது இதன் இலட்சியம். 2023 செப்டம்பர் 26 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அனுஷ் அகர்வல்லா, ஹ்ருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதீப்தி ஹஜேலா ஆகியோரின் அணி இதில் தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 41 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த தங்கம் அது. அங்கே எட்ரோ என்ற குதிரையில் ஏறிய அனுஷ், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சர் கராமெல்லோ என்ற வேறொரு குதிரையோடு களமிறங்கினார். டிரஸாஜில் ஒலிம்பிக் கண்ட முதல் இந்தியர் அவரே. இந்த விளையாட்டின் முடிவுப் பட்டியல்களில் ஏறியவர் பெயருக்குப் பக்கத்தில் குதிரையின் பெயரும் இருக்கும்.

பதக்கத்தை எண்ணாமல் ஆர்வத்துக்காகக் கற்பவரிடம்தான் மெய்யியல் பாடம் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. இத்தகையவர் வழக்கமாக வயதான, நன்கு பயின்ற குதிரையில் தொடங்குவார். அந்தக் குதிரைக்குப் பாடம் முழுவதும் தெரியும். கேட்டது சரியாக இருந்தால் மட்டும் செய்யும், தவறாகக் கேட்டால் சும்மா நடந்துகொண்டிருக்கும். அடுத்து வாய்ப்பது பெரும்பாலும் கூச்சமுள்ள குதிரை. ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்த்து உதறும் விலங்குக்கு, முதுகின் மேலிருப்பவரின் இடுப்பு இறுகுவதும் ஒரு கட்டளைதான். ஏறியவர் பயப்படுகிறார், மூச்சு நிற்கிறது, தொடைகள் கவ்வுகின்றன, குதிரை அதை ஓடச் சொன்னதாக எடுத்துக்கொண்டு ஓடுகிறது. ‘நான் ஒன்றுமே செய்யவில்லையே’ என்ற புலம்பல் எந்தப் பயிற்சித் திடலிலும் கேட்கும். மூன்றாவதாக இளங்குதிரை வரும்போது, அதுவரை மாணவராக இருந்தவர் ஆசிரியராகவும் ஆகவேண்டியிருக்கிறது. முதல் இரண்டு குதிரைகளிடம் கற்றதைத்தான் அவர் மூன்றாவதற்குக் கற்பிக்கிறார்.

இந்தப் பயிற்சியின் உயிர்நாடி ஹாஃப் ஹால்ட் எனப்படும் ஒரு நொடிச் செயல். குதிரை இருபது மீட்டர் வட்டத்தில் டிராட் எனும் மென்னோட்டத்தில் செல்கிறது. வேகம் சிதறுவது போலிருக்கும்போது ஏறியவர் முதுகை நிமிர்த்தி, காலால் மெல்ல அணைத்து, வெளிப்பக்கக் கை விரல்களை மூடுகிறார். குதிரை பின்னங்கால்களில் எடையைத் தாங்கித் தன்னைத் திரட்டிக்கொள்கிறது. அந்தக் கணமே விரல்கள் தளரவேண்டும். தளரத் தாமதமானால் குதிரை கடிவாள இரும்பின் மேல் சாய்ந்து எதிர்த்து இழுக்கத் தொடங்கும். இழுபறியில் அரை டன் எடையுள்ள விலங்கை எவராலும் வெல்ல முடியாது. தான் செய்தது சரி என்று குதிரைக்குத் தெரிவது பிடியால் அல்ல, பிடி தளர்வதால். திருமூலர் மூச்சுக்குச் சொன்ன விட்டுப் பிடித்தல் இங்கே விரல்களில் நடக்கிறது.

விட்டுப் பிடித்தல் குதிரையேற்றத்துக்கு மட்டும் உரியதல்ல. பழவேற்காட்டு ஏரியின் உப்புச் சேற்றில் குதிரைக்கு வேலை இல்லை. ஆனால் விட்டுப் பிடிக்கும் வித்தை இங்குள்ள மீனவக் குப்பங்களுக்குப் புதிதல்ல. பாய் விரித்து ஏரியைக் கடக்கும்போது காற்று திடீரென்று வலுத்தால், கயிற்றை இறுக்கிப் பிடிப்பவர் படகைக் கவிழ்த்துவிடுவார். சற்று நழுவவிட்டு, காற்று தணிந்ததும் இழுப்பவர் கரைசேர்வார். ஒப்புமை இதற்குமேல் போகாது. காற்று படகோட்டியைப் பற்றி எதையும் கற்றுக்கொள்வதில்லை. குதிரை கற்றுக்கொள்கிறது, நினைவிலும் வைத்திருக்கிறது. நேற்று வாயில் வெடுக்கென்று இழுத்த கையை இன்று நம்புவதற்கு அது யோசிக்கும். மனமும் இப்படிப்பட்டதுதான் என்பதே பாகவத உவமையின் ஆழம். எப்படி நடத்தப்பட்டதோ அப்படியே அது பழகும்.

இதனால் தேர் உருவகத்தில் ஒரு சிக்கல் எழுகிறது. தேரில் ஆன்மா ஒரு பயணி. ஓட்டுவது புத்தியின் வேலை. சேணத்தில் அப்படி ஒதுங்கி உட்கார இடமில்லை. ஏறியவரின் மூச்சும் அச்சமும் குதிரையின் நடையில் கலந்துவிடுகின்றன. ஆன்மா பாதிக்கப்படாத சாட்சி என்று கொள்ளும் வேதாந்தி, இந்தக் கலப்பு உடல், மன அளவிலேயே நிகழ்கிறது என்பார். சார்ந்ததன் வண்ணமாவது உயிரின் இயல்பு என்று கொள்ளும் சைவ சித்தாந்திக்கு இதே அனுபவம் தம் தரப்புச் சான்றாகப் படும். சேணத்து அனுபவம் இரண்டாவது தரப்புக்கே நெருக்கமாக இருக்கிறது, ஆனால் வழக்கை முடித்துவைக்க அது போதாது.

அறிதலை விட்டு வெறும் உடைமையாகக் குதிரையை வைத்திருந்ததற்கும் தமிழகத்தில் சான்று உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்தன. பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவை விரைவில் மாண்டன என்று மார்க்கோ போலோ எழுதினார். பாரசீக வரலாற்றாளர் வஸ்ஸாஃப், அவை நாற்பது நாள் கயிறும் முளையுமாகக் கட்டிக் கொழுக்க வைக்கப்பட்டன, பிறகு பயிற்சியே இல்லாமல் ஓட்டப்பட்டன என்று குறித்தார். இருவரும் வெளியார், கொஞ்சம் மிகைப்படுத்தியும் இருக்கலாம். அதே பாண்டிய நாட்டின் நினைவில்தான், மாணிக்கவாசகருக்காகச் சிவனே குதிரை வணிகனாக வந்து, குதிரைகளின் ஐந்து கதிகளையும் அரசன் முன் நடத்திக் காட்டிய திருவிளையாடலும் வாழ்கிறது.

சமணத்தின் கேள்வி இதைவிடக் கூர்மையானது. இல்லறத்தார்க்குரிய கொல்லாமை நோன்பின் மீறல்களாக அது ஐந்தைச் சொல்கிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றல், உணவும் நீரும் மறுத்தல். மனம் அறிந்து நடத்தினாலும் லாயத்தில் கட்டியது கட்டியதுதானே என்று சமணர் கேட்கலாம். டிரஸாஜ் உலகத்தாலும் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. 2024 ஒலிம்பிக்குக்குச் சில நாட்கள் முன்பு, பயிற்சியின்போது ஒரு குதிரையின் கால்களில் சாட்டையால் திரும்பத் திரும்ப அடித்த பழைய காணொளி வெளிவந்ததால் பிரிட்டனின் முன்னணி வீராங்கனை ஒருவர் போட்டியிலிருந்து விலகினார். வாலை விசிறுவதும் பல்லை நறநறப்பதும் குதிரையின் எதிர்ப்புக்கு அடையாளங்கள் என்று விதிநூல் சொல்கிறது. நடுவர்கள் அதற்கேற்ப மதிப்பெண் குறைக்க வேண்டும். குதிரையின் மூக்கைச் சுற்றிக் கட்டும் வாரின் இறுக்கத்தை அளக்க சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025இல் ஒரு கருவியைக் கொண்டுவந்தது. வாருக்கும் மூக்கெலும்புக்கும் இடையே அந்தக் கருவி நுழையாவிட்டால் வார் தளர்த்தப்பட வேண்டும்.