அழகு கடனைத் தீர்க்குமா?

ஒரு தீங்கின் மேல் காலம் பசுமையைப் போர்த்திவிட்டால், அந்தத் தீங்கு தீர்ந்துவிட்டதாகக் கொள்ளலாமா? பிறர் இழந்த ஒன்றின் மேல் விளைந்த இன்பத்தை, அந்த இழப்பில் பங்கில்லாத நாம் உறுத்தலின்றி நுகரலாமா? ஏட்டுக்குள் எழுந்த கேள்வி போல இது தோன்றலாம். உண்மையில் இது மண்ணிலே எழுதப்பட்ட கேள்வி. ஆகவே மண்ணிலேயே வைத்து இதனைப் பார்ப்போம். அதற்கு ஏற்ற இடம் ஒன்று ஜெர்மனியில் இருக்கிறது.

பெர்லினுக்கும் டிரெஸ்டனுக்கும் இடையே, பிராண்டன்பர்க், சாக்சனி ஆகிய இரு மாநிலங்களிலும் பரவிக் கிடப்பது லவுசிட்ஸ் என்னும் வட்டாரம். மிதிவண்டியில் நெடும்பயணம் போவோருக்கு உகந்த இடம் என்று இன்று பெயர் பெற்றிருக்கிறது. மேடு பள்ளம் அதிகமில்லாத சமவெளி அது. மோட்டார் வண்டிகள் நுழையாத பாதைகள் பைன் மரக் காடுகளின் ஊடே நெடுந்தொலைவு செல்கின்றன. காடு விலகும் இடத்தில் ஏரி. ஏரி முடியும் இடத்தில் மீண்டும் காடு. இருபதுக்கும் மேற்பட்ட அந்த ஏரிகளின் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 14,000 ஹெக்டேர். அவற்றைத் தொட்டுச் செல்லும் ‘ஏரி நாட்டுப் பாதை’ 180 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. ‘சுரங்கச் சுற்று’ என்னும் மற்றொரு பாதையோ 500 கிலோமீட்டரையும் கடந்தது. அவ்வழியே சென்று வருவோர் வாய் ஓயாமல் புகழ்வது அங்குள்ள அமைதியை. பாதி நாள் மிதித்தாலும் எதிரே ஓர் ஆளைக் காண்பது அரிதாகும் பகுதிகள் உண்டு என்பர்.

நாம் இங்கே ஆராய விரும்புவதும் அந்த அமைதியையே. அது எப்படி வந்தது?

ஏரிகள் பிறந்த கதை

லவுசிட்ஸில் நெடுங்காலமாக வாழ்ந்துவருவோர் சோர்பியர் என்னும் சிறுபான்மை இனத்தார். ஸ்லாவிய மொழி பேசுவோர். இன்றும் அப்பகுதியின் ஊர்ப்பலகைகளில் ஜெர்மன் மொழியோடு அவர்கள் மொழியும் எழுதப்பட்டிருக்கும். அவர்களிடையே ஒரு சொலவடை வழங்குகிறது. லவுசிட்ஸைப் படைத்தவன் இறைவன். அதன் அடியில் நிலக்கரியைப் புதைத்தவன் ஷைத்தான் என்பது அதன் பொருள். வேடிக்கைப் பேச்சாகத் தோன்றும் இதற்குள் ஒரு மக்களின் வரலாறு அடங்கியிருக்கிறது.

அங்கே கிடைப்பது பழுப்பு நிலக்கரி. அது நிலத்தின் மேற்பரப்புக்கு அருகிலேயே கிடப்பதால் திறந்தவெளிச் சுரங்கமாகவே தோண்டுவார்கள். முதலில் நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். ஒரு டன் நிலக்கரிக்கு ஏறத்தாழ ஆறு கன மீட்டர் நீர் இறைக்கப்பட்டதாகக் கணக்குச் சொல்வர். அடுத்து மேல்மண் முழுவதையும் அகற்ற வேண்டும். மேல்மண் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டோம். அந்த மண்ணின் மேல் இருந்த காடு, கழனி, வீடு, வீதி, வழிபாட்டு இடம், அடக்கத்தலம் யாவும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்த காலத்தில் அதன் மின்சாரமும் குளிர்கால வெப்பமும் பெரும்பாலும் இந்த நிலக்கரியை நம்பியே இருந்தன. 1980களின் இறுதியில் லவுசிட்ஸில் மட்டும் ஆண்டுக்கு 20 கோடி டன் அளவுக்கு வெட்டி எடுத்தார்கள். சுரங்கங்கள் தோன்றிய நாள் முதல் அங்கே முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கப்பட்ட ஊர்கள் 130க்கும் மேற்பட்டவை. வீடு விட்டு வெளியேறியோர் 25,000க்கும் மேற்பட்டோர்.

இவற்றுள் ஹோர்னோ என்னும் சிற்றூரின் கதையை எண்ணிப் பார்க்க வேண்டும். கிழக்கு ஜெர்மனி மறைந்து, மக்களாட்சி வந்த பின்பு நடந்தது அது. ஊரார் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். நீதிமன்றங்களை நாடினார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை வழக்கு சென்றது. 2000ஆம் ஆண்டில் அங்கும் அது ஏற்கப்படவில்லை. ஊர் காலி செய்யப்பட்டது. 2004இல் தேவாலயமும் தகர்க்கப்பட்டது. அடக்கம் செய்யப்பட்டோரின் எச்சங்களும் தோண்டி எடுக்கப்பட்டுப் புதிய இடத்தில் மீண்டும் புதைக்கப்பட்டன. உயிரோடிருப்பவன் இடம் பெயர்வதை விதி என்று சொல்லித் தேறலாம். இறந்தவர்களையும் கூட்டிக்கொண்டு இடம் பெயர நேர்ந்தவர்களுக்கு என்ன ஆறுதல் சொல்வது? தன் மையவாடியை விட்டுப் பிரிய நேர்ந்த எந்த ஊராரும் இந்த வேதனையை அறிவர்.

1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் பெரும்பாலான சுரங்கங்கள் மூடப்பட்டன. லவுசிட்ஸின் நிலக்கரித் தொழிலில் இருந்த ஏறத்தாழ 80,000 பேரில் மிகப் பெரும்பாலோர் வேலை இழந்தனர். லிக்டர்ஃபெல்ட் என்னும் இடத்தில் 502 மீட்டர் நீளமும் 11,000 டன் எடையும் கொண்ட மண் அகற்றும் இயந்திரப் பாலம் ஒன்று இன்றும் நிற்கிறது. 1991இல் ஓடத் தொடங்கிய அது 1992இலேயே நிறுத்தப்பட்டது. இப்போது அது காட்சிப்பொருள். நிலக்கரிக்காக ஊரை இழந்த வட்டாரம், பின்னர் நிலக்கரியையும் இழந்தது. இந்த இரண்டு இழப்புகளுக்கும் மேலேதான் இன்றைய ஏரிகள் நிற்கின்றன.

ஆம், அந்த ஏரிகள் யாவும் சுரங்கக் குழிகளே. அவற்றுள் மூத்தவற்றுள் ஒன்று சென்ஃப்டன்பெர்க் ஏரி. ஓட்டோ ரிண்ட் என்னும் நிலத்தோற்ற வடிவமைப்பாளரின் திட்டப்படி, வெட்டி முடித்த குழியில் 1967 முதல் 1972 வரை நீர் நிரப்பினார்கள். 1973இல் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1990க்குப் பின் மேலும் பல குழிகளும் ஒவ்வொன்றாக ஏரியாயின. சுரங்க நிலங்களைச் சீர்ப்படுத்த அந்நாட்டு மக்களின் வரிப்பணத்திலிருந்து இதுவரை 1,000 கோடி யூரோவுக்கு மேல் செலவாகியிருக்கிறது.

இரு வாதங்கள்

இந்த மாற்றத்தைக் கண்டு மகிழ்வோர் சொல்வது இது: “நடந்தது நடந்துவிட்டது. குழியைக் குழியாகவே விட்டிருந்தால் புழுதிக் காடுதான் மிஞ்சியிருக்கும். இன்று அங்கே பறவைகள் தங்குகின்றன, குழந்தைகள் நீந்துகின்றன, விடுதிகளிலும் படகுத்துறைகளிலும் நாலு பேருக்குப் பிழைப்புக் கிடைக்கிறது. இதைவிட நல்ல முடிவு வேறென்ன வேண்டும்?” இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. காயத்தைக் கட்டுவதைவிடத் திறந்து வைத்திருப்பதே நேர்மை என்று எந்த மருத்துவனும் சொல்லமாட்டான்.

மறுபால் நிற்போரோ, இந்த அழகே ஒரு பொய் என்பர். “ஊரை அழித்த இடத்தில் உல்லாசப் பாதை போடுவது, கொலை நடந்த வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்றது. பார்ப்பவன் மயங்குகிறான், செய்தவன் தப்பிக்கிறான்” என்பது அவர்கள் கூற்று. இதிலும் உண்மை உண்டு. மிதிவண்டியில் செல்வோர் புகழும் அமைதியின் ஒரு பகுதி, ஊர்கள் இல்லாமற்போனதால் வந்த அமைதி. கோழி கூவாத, மணி ஒலிக்காத, வாசலில் கிழவர்கள் உட்கார்ந்து பேசாத அமைதி அது.

ஆயினும், இந்த இரு சாராரும் ஒரு பிழையைச் சேர்ந்தே செய்கிறார்கள் என்பது நம் கருத்து. இருவருமே அழகிடம், அது சுமக்க முடியாத ஒரு பொறுப்பைச் சுமத்துகிறார்கள். முன்னவர் அழகு கடனைத் தீர்த்துவிட்டது என்கிறார். பின்னவர் அழகு கடனை மறைத்துவிட்டது என்கிறார். ஏரியோ இரண்டும் செய்யவில்லை. அது ஏரியாக மட்டும் இருக்கிறது. தீர்ப்பதும் மறைப்பதும் மனிதனுடைய செயல்கள்.

தண்ணீர் சொல்லும் சாட்சி

மண்ணளவில்கூடக் கணக்கு இன்னும் முடியவில்லை என்பதை அந்த நீரே சொல்கிறது. தோண்டிய மண்ணில் கந்தகமும் இரும்பும் கலந்த கனிமம் இருந்தது. காற்றுப் பட்டபின் நீர் ஏறியபோது அது கந்தக அமிலமாயிற்று. புளித்துப்போன நீரைச் சரிசெய்யக் கப்பலில் சுண்ணாம்பைக் கொண்டுபோய் ஏரியில் தூவுகிறார்கள். இரும்புத்துரு ஊறி இறங்கியதால் ஸ்ப்ரே ஆறு சில இடங்களில் செங்காவி நிறமாகிறது. பெர்லின் நகருக்குக் குடிநீர் தரும் ஆறுகளுள் அதுவும் ஒன்று.

கரைகளும் முழு நம்பிக்கைக்கு உரியவை அல்ல. கொட்டிக் குவித்த மண்ணுக்குள் நிலத்தடி நீர் திரும்ப ஏறும்போது, உறுதியாகத் தோன்றும் தரை திடீரெனக் குழம்பாகிச் சரியக்கூடும். 2009 ஜூலையில் ஜெர்மனியின் மற்றொரு சுரங்க ஏரியான நாக்டர்ஷ்டெட்டில் கரை சரிந்து வீடுகள் நீருக்குள் போயின, மூவர் மாண்டனர். சென்ஃப்டன்பெர்க் ஏரி திறந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆனபின், 2018இல் அதன் தீவின் கரை சரிந்தது. ஆகவேதான் அழகிய அந்தக் காடுகளில் பாதையை ஒட்டியே ‘உயிருக்கு ஆபத்து, நுழையாதே’ என்னும் பலகைகள் நிற்கின்றன. நூறாண்டு தோண்டியதைப் பத்தாண்டில் பழையபடி ஆக்கிவிட முடியாது என்பதற்கு இவற்றைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மன்னிப்பு யார் கையில்?

இனி நம் முதற்கேள்விக்கு வருவோம்.

ஒருவருடைய பொருளை மற்றொருவர் பறித்துக்கொண்டால், அதனை மன்னிக்கும் உரிமை இழந்தவருக்கே உண்டு. மூன்றாமவர் நல்லெண்ணத்தோடு முன்வந்து “நான் மன்னித்துவிட்டேன்” என்று சொன்னால் அது செல்லாது. மனிதர் மனிதருக்குப் பட்ட கடன் மனிதரிடமே தீர்க்கப்பட வேண்டும் என்பதைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம். ஊரை இழந்தவர் ஒருவர். ஏரியில் நீந்துபவர் வேறொருவர். இழந்தவரின் சார்பில் ஏரி மன்னிக்க முடியாது. நீந்துபவரும் மன்னிக்க முடியாது. அழகு எவ்வளவு பெருகினாலும், அது அந்தக் கடன் பத்திரத்தில் ஒரு வரியையும் அழிக்காது.

அப்படியானால் அங்கே போய் மகிழ்வது தவறா? தவறென்று நாம் சொல்லமாட்டோம். செய்யாத குற்றத்துக்காக ஒருவன் முகம் வாட வேண்டியதில்லை. ஊரை இழந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளே இன்று அந்தக் கரைகளில் மிதிவண்டி ஓட்டுகிறார்கள். அன்று நிலக்கரி வெட்டியவர்களுள் பலர் அதே வட்டாரத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கும் அடுப்பு எரிந்தது. அவர்கள் வீட்டிலும் விளக்கு எரிந்தது. குற்றவாளி ஒருபக்கம், குற்றமற்றவர் மறுபக்கம் என்று கோடு கிழிக்கும் அளவுக்கு அந்த வரலாறு எளிதானதன்று.

ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு இரண்டு கடமைகள் உண்டு. முதலாவது, அறிந்து மகிழ்வது. செட்லிட்ஸ் ஏரியின் கரையில், சோர்னோ கால்வாய் தொடங்கும் இடத்தில், முப்பது மீட்டர் உயரமுள்ள பார்வைக் கோபுரம் ஒன்றை 2008இல் எழுப்பினார்கள். துருவேறும் எஃகினால் கட்டப்பட்ட அதனை மக்கள் ‘துருப்பிடித்த ஆணி’ என்று அழைக்கிறார்கள். சோர்னோ என்பது 1970களின் தொடக்கத்தில் சுரங்கத்துக்காக அழிக்கப்பட்ட ஓர் ஊரின் பெயர். ஊர் போயிற்று, பெயர் நீரில் நிற்கிறது. மறைந்த ஊர்களுக்கென்றே புதிய ஹோர்னோவில் ஓர் ஆவணக் காப்பகமும் நடக்கிறது. மிதிவண்டியின் நன்மை இங்கேதான் விளங்குகிறது. விரைந்து போகும் காருக்கு அந்தப் பெயர்ப்பலகை ஒரு நொடி. மிதித்துப் போகிறவனோ அதனைப் படிக்கலாம், இறங்கி நிற்கலாம், இங்கே இருந்தவர்கள் யார் என்று கேட்கலாம். கேட்பது இறந்தகாலத்தை மாற்றாது. ஆனால் இழந்தவனை இரண்டாம் முறையும் இல்லாமல் ஆக்குவதிலிருந்து அது நம்மைக் காக்கும்.

இரண்டாவது கடமை இன்னும் பெரிது. நேற்றைய குழியில் பிறந்த அழகை, நாளைய குழிக்கு முன்பணமாகக் காட்டக் கூடாது. “இப்போது தோண்டுவோம், பிறகு ஏரியாக்கித் தருவோம்” என்று எவரும் சொல்லத் தொடங்கினால், அந்த ஏரி மருந்தாக இருந்த நிலை மாறி, அடுத்த தீங்குக்கு அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. தவறு செய்தபின் பரிகாரம் தேடுவது நல்லொழுக்கம். பரிகாரம் இருக்கிறதே என்று தவறு செய்வது துணிந்த பாவம். இவ்விரண்டுக்கும் உள்ள தூரத்தை அறியாதவர் எவர்?

நமக்கும் இதில் பங்குண்டு

இது எங்கோ நடந்த கதை என்று ஏட்டை மூடிவிட முடியாது. அதே பழுப்பு நிலக்கரிதான் நம் நெய்வேலியிலும் கிடைக்கிறது. அதே திறந்தவெளி முறையில்தான் வெட்டப்படுகிறது. 1956இல் அங்கே நிறுவனம் அமைந்தபோது நாடே பெருமைப்பட்டது. அந்தப் பெருமைக்கு நிலமும் ஊரும் கொடுத்தவர்கள் உண்டு. சுரங்க விரிவாக்கத்துக்குக் கால்வாய் வெட்டுவதற்காக, 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற நெற்பயிரின் மேல் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கிய காட்சியை நாம் கண்டோம். நம் வீட்டில் எரியும் விளக்கின் ஒளியில் ஒரு பகுதி அந்த வயலிலிருந்து வந்தது என்பதை மறுக்க இயலுமா?

ஜெர்மனி 2038ஆம் ஆண்டுக்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்திவிட 2020இல் சட்டம் இயற்றியது. நமக்கு அப்படியொரு நாள் எப்போது வரும் என்பது வேறு கேள்வி. வரும் அந்த நாளில் நம் குழிகளும் ஏரிகளாகலாம். கரைகளில் மரங்கள் நிற்கலாம். நம் பேரப்பிள்ளைகள் அங்கே மிதிவண்டியில் போகலாம். போகட்டும், மகிழட்டும். ஆனால் இழந்த ஊர்களின் பெயர்களையும், நிலம் கொடுத்தவர்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா என்ற கணக்கையும், அவர்கள் வந்து தேடும்படி விட்டுவைக்காமல் இன்றே எழுதி வைப்பது நம் கடமை. பூமி நம் கையில் அமானிதம். அமானிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அது அழகாக இருக்கிறதா என்று மட்டும் கேட்கப்படுவதில்லை. முழுமையாக இருக்கிறதா என்றும், எடுத்ததற்குக் கணக்கு எங்கே என்றும் கேட்கப்படும்.