கிண்ணத்துக்கு எஜமான் யார்?

ஞானஸ்நான விருந்து, கலியாணம், கோயில் திருவிழா, கிறிஸ்துமஸ் - நம் வீடுகளில் சந்தோஷம் வந்தால் அதன் பின்னாலேயே புட்டியும் வந்துவிடுகிறது. யாராவது கண்டித்தால், “கானாவூர்க் கலியாணத்தில் நம் ஆண்டவரே தண்ணீரைத் திராட்சரசமாக்கவில்லையா?” என்று பதில் தயாராயிருக்கிறது. மெய்தான். அர்ச். சின்னப்பரும் தீமோத்தேயுவின் வயிற்று நோவுக்காகக் கொஞ்சம் ரசம் அருந்தச் சொன்னார். மது அருந்தியவனெல்லாம் பாவி என்று திருச்சபை போதிக்கவில்லை. அளவு மீறுவதையே கண்டிக்கிறது.

அந்த அளவு எது? இரண்டு கிண்ணமா, மூன்றா? சரீரத்துக்குத் தீங்கே செய்யாத அளவு என்று ஒன்றுமில்லை என உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் அறிவித்துவிட்டது. ஆத்தும காரியத்திலோ, கிண்ணத்தை எண்ணுவதைவிட, எஜமான் யார் என்று கேட்பதே மேல். சர்வேசுரன் நமக்குத் தந்த பெரிய கொடை மனச்சுயாதீனம். அதை மது எப்போது பறித்துக்கொள்கிறது?

ஜான் யூயிங் என்ற அமெரிக்க வைத்தியர் 1984-ல் நான்கு கேள்விகளைப் பிரசுரித்தார். குடியைக் குறைக்கவேண்டும் என்று எப்போதாவது நினைத்ததுண்டா? பிறர் அதைக் குறை சொன்னபோது கோபம் வந்ததா? குடித்ததற்காக மனம் குத்தியதா? காலையில் கண்விழித்ததும், நடுக்கம் தீரவோ தலைக்கனம் தெளியவோ முதல் வேலையாகக் குடித்ததுண்டா? இவற்றில் இரண்டுக்கு “ஆம்” என்றால் அசட்டையாயிருக்கலாகாது.

வீட்டார் காணும் அடையாளங்களும் உண்டு. விருந்தில் குடித்தவன், குடிப்பதற்காக விருந்து தேடுகிறான். அரிசிப் பானைக்குப் பின்னால் புட்டி ஒளிகிறது. “எவ்வளவு குடித்தாலும் எனக்கு ஏறாது” என்ற பெருமைப் பேச்சு வருகிறது. அது பலமல்ல, சரீரம் விஷத்துக்குப் பழகிவிட்டதின் அறிகுறி.

“தவசுகாலத்தில் நாற்பது நாள் தொடுவதில்லையே, நானா அடிமை?” என்று சிலர் கேட்பார்கள். பாஸ்குத் திருநாள் மாலையில் அவரைப் பாருங்கள். தொடாமலிருக்க முடிகிறதா என்பது மாத்திரம் பரீட்சையல்ல. தொட்டபின் நிறுத்த முடிகிறதா என்பதே பரீட்சை.

அப்படியானால் குடிவெறி பாவமா, நோயா? பூரண அறிவும் பூரண சம்மதமும் இல்லாவிடில் சாவான பாவமில்லை என்று படித்திருக்கிறோம். பழக்கம் முற்றினவனிடத்தில் அந்தச் சம்மதம் குறைந்துபோகிறது. ஆகையால் அவனை இகழவேண்டாம். ஆனால் உதவி தேடும் சுயாதீனம் அவனுக்கு இன்னும் உண்டு. அதைத் தட்டிக் கழித்தால், அதற்கு அவனே உத்தரவாதி.

டப்ளின் நகரத் தொழிலாளி மாத்யு டால்பட் ஒருநாள் கையில் காசின்றி மதுக்கடைக்கு வெளியே நின்றார். அதுவரை அவர் காசில் குடித்த நண்பர் ஒருவரும் அவரை உள்ளே அழைக்கவில்லை. அன்றே, 1884-ல், தம் 28-ம் வயதில், மூன்று மாதத்துக்கு மட்டும் மதுவிலக்குப் பிரதிக்கினை செய்தார். பிறகு 1925-ல் சாகுமட்டும் குடிக்கவேயில்லை. திருச்சபை 1975-ல் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

மனைவிமாரே, “அவருக்குக் காய்ச்சல்” என்று வேலைத்தலத்துக்குப் பொய் சொல்லி அனுப்புவது அன்பல்ல. அது அடிமைத்தனத்துக்குத் திரை. போதை தெளிந்த வேளையில், சண்டையின்றி, கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். நெடுநாள் மிகுதியாய்க் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையால் வைத்தியரிடம் போகவேண்டும். குடியிலிருந்து மீண்டவர்களே ஒருவரையொருவர் தாங்கும் ஏ.ஏ. சங்கம் 1935-ல் அமெரிக்காவில் தொடங்கி, இன்று நம் நாட்டிலும் கூடுகிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியும் திறந்தேயிருக்கிறது.

குடும்பத் தலைவர்களே, இன்றிரவு ஜெபமாலை முடிந்ததும் அந்த நான்கு கேள்விகளையும் உங்களையே கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் உங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். நீங்கள் வாசல் மிதிக்கும் சத்தம் கேட்டால் அவர்கள் ஓடி வருகிறார்களா, ஒளிந்துகொள்ளுகிறார்களா?