பூர்வீக வீட்டைச் செப்பனிடுகிறவர்களுக்கு



நம் ஊர்களில் நெடுநாள் பூட்டிக் கிடந்த பூர்வீக வீடுகள் பல இப்போது மறுபடி திறக்கப்படுகின்றன. பிழைப்பைத் தேடிச் சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போன பிள்ளைகள், பாட்டனார் கட்டின வீடு பாழாய்ப் போகலாகாது என்று கொத்தனாரையும் தச்சரையும் அழைக்கிறார்கள். ஓடு மாற்றுகிறார்கள்; கரையான் அரித்த உத்திரத்தை இறக்குகிறார்கள்; கிணற்றில் தூர் வாருகிறார்கள். இது மெச்சத்தக்க காரியமே. தாயும் தகப்பனும் முழந்தாளிட்டு ஜெபமாலை சொன்ன கூடம் அது. அதைக் காப்பாற்றுவது, பிதா மாதாவைச் சங்கிக்க வேண்டும் என்கிற நாலாம் கற்பனையோடு சேர்ந்ததென்றே சொல்லலாம்.

ஆனால் செப்பனிடுகிறவன் முதலில் பார்க்க வேண்டியது எது? பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஒரு வீட்டுச் சுவரில் பூசணம் போன்ற கறை கண்டால், குரு வந்து அதைச் சோதித்து, வீட்டை ஏழு நாள் அடைத்து வைக்க வேண்டும். பிறகும் கறை பரவியிருந்தால், கறைபிடித்த கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே எறிந்து, பழைய சாந்தைச் சுரண்டி எடுத்து, வேறு கல் வைத்துப் புதிதாய்ப் பூச வேண்டும். கறையின்மேல் பூசி மறைக்க அங்கே இடமில்லை.

நம் கொத்தனார்களும் இதையே சொல்வார்கள். பழைய வீட்டுச் சுவர் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை பூசினது. நீற்றின சுண்ணாம்பை மணலோடு கலந்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீர் விட்டு அரைத்துப் பூசுவார்கள். தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தை அந்தச் சுவர் வெளியே விட்டுவிடும். அவசரக்காரன் அதன்மேல் சிமெண்டு பூசிவிடுகிறான். அந்த வருஷம் சுவர் பளபளவென்றிருக்கும். ஆனால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, சில மழைக்காலங்களுக்குள் பூச்சு உப்பி விழுந்துவிடும். சுவரில் முளைத்த அரசங்கன்றும், கொல்லையை அடைத்துக்கொண்ட சீமைக் கருவேலும் அப்படித்தான். தலையை வெட்டினால் மறுபடி தழைக்கும். வேரோடு எடுத்தால்தான் போகும்.

பிரியமானவர்களே, பூர்வீக வீட்டின் உள்ளீரம் எது தெரியுமா? கொடுக்கப்படாத பங்கு! அதை மூடி மறைத்து எத்தனை லட்சம் செலவழித்துப் பூசினாலும் அந்தப் பூச்சு நிற்காது.

அண்ணன் வீட்டைச் செப்பனிடுகிறான். தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சகோதரியைக் கேட்க வேண்டுமென்கிற நினைவே யாருக்கும் வரவில்லை. கேட்டால், "கலியாணத்துக்கு நகை போட்டாயிற்று, சீதனம் கொடுத்தாயிற்று" என்கிறார்கள். நம் நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, மரண சாசனம் எழுதாமல் இறந்த கிறிஸ்தவனுடைய சொத்தில் மூன்றில் ஒரு பங்கு அவன் மனைவிக்கு. மீதி மகன் மகள் என்ற பேதமின்றிப் பிள்ளைகளுக்குச் சமபங்கு. தகப்பன் உயிரோடிருக்கையில் பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கலாகாதென்று அதே சட்டத்தின் 49-ஆம் பிரிவு சொல்லுகிறது. பழைய திருவாங்கூர்ச் சீமையில் பெண்மக்களுக்குக் குறைந்த பங்கு கொடுத்த 1916-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது; அங்கும் இந்தப் பொதுச் சட்டமே செல்லுமென்று சுப்ரீம் கோர்ட்டு 1986-ல் தீர்ப்பளித்தது.

"தங்கச்சி கேட்கவே இல்லையே, சாமி!" என்பீர்கள். ஏன் கேட்கவில்லையென்று யோசித்தீர்களா? கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுப்போகுமென்று பயப்படுகிறாள். திருநாளுக்கு வந்து ஒரு வாய் சோறு சாப்பிட்டுப் போகிற உறவாவது மிஞ்சட்டுமென்று வாயைக் கட்டிக்கொள்ளுகிறாள். அப்படிப்பட்டவளிடம் விடுதலைப் பத்திரத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது நீதியா? தன் பங்கு இன்னதென்று அறிந்து மனதார விட்டுக்கொடுத்தால் அது அவளுடைய தர்மம். அறியாமலும் அஞ்சியும் போட்ட கையெழுத்து சார்பதிவாளர் ஆபீசில் செல்லலாம். சர்வேசுரனுடைய சந்நிதியில் செல்லுமா?

பங்கு கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. தன் சகோதரன் சொத்தைப் பங்கிட்டுத் தரும்படி ஒருவன் சேசுநாதரிடம் கேட்டதை அர்ச். லூக்காஸ் எழுதியிருக்கிறார். நமது ஆண்டவர் பங்கு பிரிக்கிற நடுவராக உட்காராமல், பொருளாசைக்கு எச்சரிக்கையாயிருக்கும்படி எல்லாருக்கும் புத்தி சொன்னார். ஒரு முழம் கொல்லைக்காக இருபது வருஷம் வழக்காடி, வீடு இடிந்து, வாதியும் பிரதிவாதியும் கல்லறைக்குப் போனபின் யாருக்கு என்ன லாபம்?

அர்ச். பிராஞ்சிஸ்கு அசிசியாரின் சரித்திரத்தைக் கேளுங்கள். சுமார் 1206-ஆம் ஆண்டு, இடிந்து கிடந்த சான் தமியானோ கோவிலில் அவர் ஜெபிக்கையில், பாடுபட்ட சுரூபத்திலிருந்து ஆண்டவர் தம்முடைய வீட்டைச் செப்பனிடச் சொன்னதாகக் கேட்டார். உடனே தம் தகப்பனாரின் கடைத் துணிகளையும் குதிரையையும் போலிஞ்ஞோ என்னும் ஊரில் விற்று, பணத்தைக் கொண்டுவந்து அந்தக் கோவில் குருவிடம் நீட்டினார். குரு அதை வாங்கவில்லை. தகப்பனார் முறையிட, மேற்றிராணியார் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி சொன்னார். கோவிலைச் செப்பனிடுவதற்குக்கூடப் பிறருடைய பொருள் ஆகாது! பிராஞ்சிஸ்கு பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அசிசி நகர வீதியில் கல் பிச்சை கேட்டுச் சுமந்து வந்து, தம் கையால் கோவிலைக் கட்டினார். கோவிலுக்கே இப்படியானால், நம் வீட்டுக்கு எப்படி?

ஆகையால் கொத்தனாரை அழைக்குமுன் கூடப்பிறந்தவர்களை அழையுங்கள். சகோதரிகளையும், இறந்துபோன சகோதரனின் மனைவி மக்களையும் விட்டுவிடாதேயுங்கள். தாயார் உயிரோடிருந்தால், அவளுடைய பங்கையும் அவளுக்கென்று ஓர் அறையையும் முதலில் ஒதுக்குங்கள். செலவழிக்கிறவன் கணக்கு வைக்கட்டும். அவனுக்குச் சேர வேண்டியதை மற்றவர்கள் ஒப்புக்கொள்ளட்டும். செலவுக்குக் கொடுக்க இயலாத ஏழைச் சகோதரனுடைய பங்கு அதனால் குறைந்துபோகாதிருக்கட்டும். பேசினதை எழுதி எல்லோரும் கையொப்பமிடுங்கள். ஏற்கெனவே அநியாயமாய் எடுத்திருந்தால், பாவசங்கீர்த்தனம் செய்கிறதோடு, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவும் கடமையுண்டு என்பதை மறவாதேயுங்கள்.

அதன்பின் வேலை முடிந்து, வீடு மந்திரிக்கக் குருவானவரை அழையுங்கள். அவர் தீர்த்தம் தெளிக்கும்போது கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் கூடத்தில் நிற்கட்டும். திரு இருதயப் படத்துக்கு முன் விளக்கை உங்கள் சகோதரி ஏற்றட்டும். அந்த வீட்டில் நம் ஆண்டவர் மனமுவந்து வாசம்பண்ணுவார். நசரேத்தூரில் ஏழை வீட்டைத் தம் கைவேலையால் காப்பாற்றின அர்ச். சூசையப்பர் நம் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்வாராக. ஆமென்.