வைத்தது உங்கள் முடிவு, எடுப்பதும் உங்கள் முடிவே!

எடுத்துவிடலாமா என்ற கேள்வி மனத்தில் எழுந்துவிட்டதா, சகோதரி? எழட்டும். அதை அமுக்காதீர்கள்! "காசைக் கொட்டி வைத்துக்கொண்டாளே, இப்போது எதற்கு எடுக்கிறாளாம்?" என்று நாலு பேர் கேட்பார்களே என்று கூசுகிறீர்களா? அந்த நாலு பேரில் ஒருவர்கூட உங்கள் வலியை ஒரே ஒரு ராத்திரிக்காவது வாங்கிக்கொள்ளப் போவதில்லை. ஒருக்களித்துப் படுக்க முடியாமல் விழித்துக் கிடப்பது நீங்கள். அப்படியிருக்க, முடிவை மட்டும் ஏன் ஊருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்?

மார்பக இம்பிளான்ட்டை அகற்றும் அறுவைச் சிகிச்சையைப் பற்றித்தான் பேசுகிறேன். நம் வீடுகளில் மார்பகம் என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்வதில்லை. "நெஞ்சுப் பக்கம் ஏதோ ஒரு மாதிரி இருக்கு" என்றுதான் டாக்டரிடமே ஆரம்பிக்கிறோம். அந்தத் தயக்கத்தை இன்றே உதறுங்கள். பெயர் சொல்லக் கூசுகிற உறுப்புக்கு நீதி கேட்க முடியாது.

இந்தக் கதை எங்கே தொடங்கியது தெரியுமா? 1962ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில். அங்கே ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்த ஜெபர்சன் டேவிஸ் மருத்துவமனைக்கு டிம்மி ஜீன் லிண்ட்சி என்ற பெண் வந்தார். ஆறு பிள்ளைகளின் தாய். மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிக்க வேண்டும் என்பதுதான் அவர் வந்த காரியம். தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரண்டு மருத்துவர்கள், சிலிகான் ஜெல் நிரப்பிய பைகளைப் புதிதாகச் செய்திருக்கிறோம், வைத்துக்கொள்கிறீர்களா என்று அவரிடம் கேட்டார்கள். அவருக்கோ தன் காதுமடல்கள் துருத்திக்கொண்டிருக்கின்றனவே என்பதுதான் குறை. காதையும் சரிசெய்து தருகிறோம் என்றார்கள், சம்மதித்தார். உலகின் முதல் சிலிகான் ஜெல் இம்பிளான்ட் இப்படித்தான் ஒரு பெண்ணின் உடலுக்குள் போனது. அவர் தேடி வந்தது ஒன்று. அவருக்கு முன்னால் வைக்கப்பட்டது இன்னொன்று. பெண் என்ன சொல்கிறாள் என்று உட்கார்ந்து கேட்கும் பொறுமை இந்தத் துறைக்கு வர அதற்குப் பிறகு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆயின.

அந்த அறுபது ஆண்டுகளில் நடந்ததைப் பாருங்கள். பாதுகாப்பு பற்றிய சான்று போதாது என்று 1992இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அழகுக்காக சிலிகான் இம்பிளான்ட் வைப்பதை நிறுத்திவைத்தது. 2006இல் மீண்டும் அனுமதித்தது. பிரான்சில் பி.ஐ.பி. என்ற நிறுவனம், மருத்துவத் தரமில்லாத, தொழிற்சாலைத் தர சிலிகானைப் பைகளில் அடைத்து உலகெங்கும் விற்றது 2010இல் அம்பலமானது. பிரான்சில் மட்டும் சுமார் 30,000 பெண்கள் அதை எடுத்துவிடுவது நல்லது என்று அந்த நாட்டு அரசே 2011 டிசம்பரில் அறிவித்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் குளோட் மாஸ் என்பவருக்கு 2013இல் நான்கு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. பெண்ணின் உடம்புக்குள் போகிற பொருளில் காசு மிச்சம் பிடித்தவனை மன்னிக்க என்னால் முடியவில்லை.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் காட்சி வேறு. 2019 மார்ச் மாதம். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அந்த மருந்து நிர்வாகம் நிபுணர் குழுவை இரண்டு நாள் கூட்டியது. அங்கே பெண்கள் வரிசையாக எழுந்து வந்து ஒலிபெருக்கி முன்னால் நின்றார்கள். தீராத களைப்பு, மூட்டுவலி, தோலில் தடிப்பு, முடி உதிர்வு, நேற்று நடந்தது இன்று நினைவில் நிற்காத மந்தம் என்று தங்கள் உடம்பில் நடந்ததைத் தங்கள் வாயால் சொன்னார்கள். "எல்லாம் உன் மனப்பிரமை" என்ற பதிலையே பல ஆண்டுகள் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் அவர்களில் பலர். அன்று அவர்கள் வாய்மூடி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2021 அக்டோபரில் அதே நிர்வாகம் எல்லா மார்பக இம்பிளான்ட்டுகளின் லேபிளிலும் மிகக் கடுமையான எச்சரிக்கைக் கட்டத்தை அச்சிடுவதைக் கட்டாயமாக்கியதே, அது அத்தனை சீக்கிரம் வந்திருக்குமா? இவை ஆயுள் முழுவதற்குமான சாதனங்கள் என்று கருத முடியாது. உடம்பில் எவ்வளவு காலம் இருக்கிறதோ அவ்வளவுக்குச் சிக்கல் வாய்ப்பும் கூடும். சிலர் உடல் முழுவதும் அறிகுறிகள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இத்தனையும் அந்தக் கட்டத்துக்குள் ஏறின. பெண்கள் பேசினார்கள், சட்டம் நகர்ந்தது!

இதையெல்லாம் அமெரிக்கப் பணக்காரிகளின் விவகாரம் என்று ஒதுக்காதீர்கள். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். மார்பகத்தை இழந்தபின் இம்பிளான்ட் வைத்து மீட்டுக்கொண்டவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே மார்பகச் சீரமைப்பு இலவசமாகச் செய்யப்படும் என்ற அறிவிப்பு 2018இல் வந்தது. வைக்கும் வழி இவ்வளவு அருகில் வந்துவிட்டதென்றால், எடுப்பதைப் பற்றிய அறிவும் அதே தெருவுக்கு வரத்தான் வேண்டும்.

சரி, எப்போது எடுக்க வேண்டியிருக்கும்? உடம்புக்குள் அந்நியப் பொருள் எது நுழைந்தாலும் அதைச் சுற்றி உடம்பு தழும்புத் திசுவால் ஓர் உறை கட்டும். இது இயற்கை, நோயில்லை. சிலருக்கு மட்டும் அந்த உறை சுருங்கி, பையை நெரித்து, மார்பகம் கல்லாக இறுகி, வடிவம் கோணி, வலியெடுக்கும். எடுப்பதற்கான முக்கியமான காரணங்களில் இது ஒன்று. இன்னொன்று, பை கிழிவது. உப்புநீர் அடைத்த பை கிழிந்தால் உடனேயோ சில நாட்களிலோ வற்றிவிடும், கண்ணுக்கே தெரியும். சிலிகான் ஜெல் பை கிழிந்தாலோ வெளியே ஒன்றும் தெரியாமல் போகலாம். அதனால்தான் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், வைத்து ஐந்தாறு ஆண்டுகளில் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அதன்பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் ஸ்கேன் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பரிந்துரைக்கிறது. நீங்கள் கடைசியாக எப்போது ஸ்கேன் எடுத்தீர்கள்? நினைவில்லை என்றால் இந்த வாரமே எடுங்கள்!

மூன்றாவது காரணத்தைக் கேட்டுப் பதறாதீர்கள், ஆனால் தெரிந்துகொள்ளுங்கள். மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும் இம்பிளான்ட்டுகளைச் சுற்றி அரிதாக ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது. அதனால்தான் 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை உலகம் முழுவதிலிருந்தும் திரும்பப் பெற்றது. வைத்துப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் மட்டும் திடீரென்று நீர்கோத்து வீங்கினால், அது தானாக வடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நீரை ஊசியால் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அறிகுறியே இல்லாதவர்கள் பயத்தால் மட்டும் ஓடிப்போய் எடுக்க வேண்டியதில்லை என்பதும் அதே மருந்து நிர்வாகத்தின் நிலைப்பாடுதான்.

இனிக் களைப்பு, மூட்டுவலி, மறதி. இந்த அறிகுறிக் கூட்டத்தை மருத்துவ உலகம் இன்னும் ஒரு தனி நோயாக வரையறுக்கவில்லை. உறுதியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனையும் இல்லை. இம்பிளான்ட்டை எடுத்தபின் பலருக்கு உடம்பு தேறியிருக்கிறது. சிலருக்கு அப்படி ஆகவில்லை. ஆகவே தைராய்டு, ரத்தசோகை, மூட்டுவாத நோய் எதுவும் இல்லை என்று முதலில் பார்த்துவிடுங்கள். எடுத்தால் எல்லாம் பறந்துபோகும் என்று உங்களிடம் யாராவது சத்தியம் செய்தால், அவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பொய்யான நம்பிக்கை தன்னம்பிக்கை ஆகாது. உண்மையைத் தெரிந்துகொண்டு நிமிர்ந்து நிற்கிறீர்களே, அந்த நிமிர்வுக்குத்தான் நான் தலைவணங்குகிறேன்.

டேனிகா பாட்ரிக்கைப் பாருங்கள். இண்டிகார் கார் பந்தயத்தில் வென்ற பெண். மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டியவர். 2014இல் இம்பிளான்ட் வைத்துக்கொண்டார். சில ஆண்டுகளில் களைப்பு வந்தது, முடி உடைந்தது, உடம்பு வேறாக மாறியது என்று அவரே எழுதினார். 2022இல் எடுத்துவிட்டு, அதையும் மறைக்காமல் உலகத்துக்கே சொன்னார். அவருக்கு வராத வெட்கம் நமக்கு எதற்கு?

அறுவைச் சிகிச்சை மேசையில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். பெரும்பாலும் முழு மயக்கம்தான் கொடுப்பார்கள். மார்பகத்தின் அடி மடிப்பில், முடிந்தால் பழைய தழும்பின் மேலேயே கீறி, பையை வெளியே எடுப்பார்கள். சிக்கல் எவ்வளவு என்பதைப் பொறுத்து ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் ஆகலாம். உறையை என்ன செய்வது என்பதுதான் பெரிய கேள்வி. பையை உறையோடு சேர்த்துக் கட்டியாக, துளியும் கிழியாமல் எடுத்தே ஆக வேண்டும் என்று பலர் பிடிவாதம் பிடிக்கிறார்கள். புற்றுநோய் இருந்தால் அது அவசியம். மற்றவர்களுக்கு? விலா எலும்போடு ஒட்டிய மெல்லிய உறையைச் சுரண்டப் போனால் ரத்தப்போக்கு ஏற்படலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று புகும் ஆபத்தும் உண்டு. உறையை எவ்வளவு எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து அறிகுறிகள் குறைவதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்று 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றும் சொல்கிறது. பிடிவாதத்தை விடுங்கள், கேள்வியை விடாதீர்கள். "என் உறை எப்படி இருக்கிறது, எவ்வளவு எடுப்பீர்கள், ஏன்? எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள்.

கண் விழிக்கும்போது நெஞ்சைச் சுற்றி இறுக்கமான கட்டோ பிராவோ இருக்கும். சிலருக்கு விலாப் பக்கத்திலிருந்து மெல்லிய குழாய் ஒன்று இறங்கி, கையடக்கமான பிளாஸ்டிக் குமிழில் முடியும். அதில் இளஞ்சிவப்பு நீர் சேரும். அதைக் காலையும் மாலையும் அளந்து குறித்துவைக்கச் சொல்வார்கள். அளவு குறைந்ததும் குழாயை எடுத்துவிடுவார்கள். முதல் நாளே எழுந்து மெல்ல நடங்கள், காலில் ரத்தம் உறையாமல் இருக்க. மல்லாந்து படுங்கள். குடம் தூக்காதீர்கள், கிரைண்டர் கல்லைத் தூக்காதீர்கள், அழுகிற குழந்தையைக்கூடத் தரையிலிருந்து அள்ளாதீர்கள். உட்கார்ந்தபின் மடியில் வைக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் பலர் ஓரிரு வாரத்தில் திரும்பிவிடுகிறார்கள். கடினமான உடற்பயிற்சிக்கு நாலு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். காய்ச்சல் வந்தாலோ, ஒரு பக்கம் சட்டென்று வீங்கினாலோ, தையல் சிவந்து கசிந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கட்டைப் பிரித்து முதன்முதலில் கண்ணாடி பார்க்கும் அந்த நிமிடத்துக்கு இப்போதே மனத்தைத் தயார்செய்யுங்கள். மார்பு தட்டையாக, தோல் சுருங்கி, ஓரங்களில் மடிந்து இருக்கலாம். ஒரு பக்கம் குழிந்தும் தெரியலாம். காம்பில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சிலர் அங்கேயே உடைந்து அழுகிறார்கள். அழுங்கள், தப்பில்லை, ஆனால் அன்றைய கண்ணாடியை வைத்து உங்களை எடைபோடாதீர்கள். வாரங்கள் போகப் போகத் தோல் ஓரளவு சுருங்கி, திசு தன் இடத்துக்கு வரும். முழு வடிவம் தெரியச் சில மாதங்கள் ஆகும். தொய்வு அதிகமாக இருந்தால் தூக்கித் தைக்கும் சிகிச்சை உண்டு. உங்கள் வயிற்றிலோ தொடையிலோ இருந்து கொழுப்பை எடுத்து நிரப்பும் முறையும் உண்டு. எதுவுமே வேண்டாம் என்பதும் ஒரு தேர்வுதான்! புற்றுநோய்க்குப் பின் மார்பகம் வேண்டாம், நெஞ்சைச் சமமாக, நேர்த்தியாகத் தைத்துக் கொடுங்கள் என்று கேட்டுப் போராடிய பெண்களால், அந்தச் சிகிச்சைக்கு ஒரு தனிப் பெயரையே 2020இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் தன் அகராதியில் சேர்த்தது. தட்டையான நெஞ்சோடு தலைநிமிர்ந்து நடக்கிற அந்தப் பெண்களிடம் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை.

புருஷன் என்ன சொல்வார், மாமியார் என்ன நினைப்பார் என்று மட்டும் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். துணையிடம் பேசுங்கள், உதவி கேளுங்கள், முதல் வாரம் சமையலறையை ஒப்படையுங்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது ஒத்தாசை. அனுமதி கேட்க வேண்டிய இடம் அது இல்லை.

பீரோவைத் திறந்து, இம்பிளான்ட் வைத்தபோது கொடுத்த அட்டையைத் தேடுங்கள். நிறுவனத்தின் பெயர், வகை, வரிசை எண் அதில் இருக்கும். கிடைக்கவில்லையா? அறுவைச் சிகிச்சை செய்த இடத்தில் உங்கள் கோப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதையாவது சாப்பிடுகிறீர்களா, புகைக்கும் பழக்கம் உண்டா என்று ஒளிக்காமல் எழுதுங்கள். கேள்விகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். தகுதி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரிடம் போங்கள். மனம் ஒப்பவில்லையென்றால் இன்னொருவரிடமும் போங்கள். நாற்காலியில் நன்றாக உட்காருங்கள், தாளைப் பிரியுங்கள், கடைசிக் கேள்விக்கும் பதில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்!